ஜானுவின் மகளுக்கு யார் தோழி?



பள்ளித் தோழர்கள் பல்லாண்டுகள் கழித்து ஒன்றுகூடும் கதை என்றால் தமிழராகிய நமக்குக் கண்கள் தாமாகவே கலங்கிவிடுகின்றன. 2004இல் சேரனின் ‘ஆட்டோகிராப்’ வந்தது. திருமண அழைப்பிதழைக் கையில் ஏந்தி ஒருவன் தன் பழைய நாள்களைத் தேடிப் போனான். நாமும் உடன் போனோம். 2007இல் தங்கர் பச்சானின் ‘பள்ளிக்கூடம்’ வந்தது. தாம் படித்த பள்ளியைக் காக்கப் பழைய மாணவர்கள் திரண்டார்கள். நாமும் மனத்தளவில் திரண்டோம். 2018இல் பிரேம்குமாரின் ‘96’ வந்தது. அதன் பிறகு நம்மில் பலர் பழைய வகுப்புத் தோழர்களைத் தேடிப் பிடித்து வாட்ஸ்அப் குழுக்களில் சேர்த்து, விடுமுறை தோறும் சந்திக்கத் தொடங்கிவிட்டோம். இதில் தவறேதும் இல்லை. நட்பைப் போற்றுவது நல்ல பண்பு.

ஆனால் ‘96’ படத்தில் நம்மைத் தொடும் செய்தி ஒன்று உண்டு. தஞ்சாவூர்ப் பள்ளியில் உடன் பயின்ற ஜானகி, சென்னையில் நடக்கும் சந்திப்புக்கு வருவது சிங்கப்பூரிலிருந்து. அவளுக்குக் கணவன் உண்டு; ஒரு மகளும் உண்டு. ஓர் இரவு முழுதும் பழங்கதை பேசிவிட்டு, அவள் விமானம் ஏறி நம் ஊருக்குத்தான் திரும்புகிறாள். படம் அத்துடன் முடிந்துவிடுகிறது. ஒரு தமிழாசிரியரின் கவலையோ அங்கேதான் தொடங்குகிறது. அந்த மகளைப் போன்ற எத்தனையோ பிள்ளைகள் நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழில் யார் தோழி? இன்னும் 25 ஆண்டுகள் கழித்து அவர்கள் ஓர் ஒன்றுகூடலுக்குப் போனால் எந்த மொழியில் சிரிப்பார்கள்? எந்த மொழியில் கண் கலங்குவார்கள்?

நம் தலைமுறை தன் தமிழ்ப் பிள்ளைப்பருவத்தை எண்ணிக் கண்ணீர் வடிக்கிறது. தன் பிள்ளைகளுக்கு அத்தகைய பருவம் ஒன்று வாய்க்க வேண்டுமே என்று ஒரு துரும்பையும் கிள்ளிப் போடவில்லை. இதுவே என் குற்றச்சாட்டு. கடுமையாகத் தோன்றினால் பொறுத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நினைவு எதனால் ஆனது?

பள்ளிப் பருவத்தில் நமக்கு இனிப்பவை எவை? இலக்கணப் பாடமா? கட்டுரைப் பயிற்சியா? ஒருவரும் அவற்றை நினைத்து உருகுவதில்லை. தோழன் வைத்த பட்டப்பெயர், கண்ணாமூச்சியில் நடந்த ஏமாற்று, ஐந்தாங்கல் ஆடுகையில் மூண்ட சண்டை, ‘உன்னோடு பேசமாட்டேன்’ என்று சொன்ன மறுநாளே பேசியது, ஆசிரியருக்குத் தெரியாமல் காதோடு சொன்ன இரகசியம் ஆகியவையே இனிக்கின்றன. இவை அனைத்தும் சொற்களால் ஆனவை. அச்சொற்கள் தமிழாக இருந்தமையால்தான் நம் நினைவும் தமிழாக இருக்கிறது.

இப்போது நம் பிள்ளைகளின் தமிழைப் பாருங்கள். அவர்கள் யாரோடு தமிழில் பேசுகிறார்கள்? ஆசிரியரோடு, பாட்டியோடு, அம்மாவோடு. எல்லாரும் பெரியவர்கள். ‘சாப்பிட்டாயா? குளித்தாயா? வீட்டுப்பாடம் முடித்தாயா?’ என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். பிள்ளை ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ விடை சொல்கிறது. அடுத்த நொடி தங்கையின் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் சிரிக்கிறது. தமிழ் அண்ணாந்து பார்த்துப் பேசும் மொழியாகிவிட்டது. தோளில் கைபோட்டுப் பேசும் மொழியாக அது இல்லை.

இதன் விளைவை ஆசிரியர்கள் நாள்தோறும் காண்கிறார்கள். தொடக்கநிலை 3இல் படிக்கும் பிள்ளை ஆசிரியரைப் பார்த்து ‘நீ எப்போ வருவே?’ என்று கேட்டுவிடுகிறது. மரியாதை தெரியாத பிள்ளை என்று நாம் முகம் சுளிக்கிறோம். உண்மை வேறு. ‘நீ’ என்று உரிமையோடு அழைப்பதற்கு அப்பிள்ளைக்கு ஒரு தோழன் இருந்திருந்தால், ‘நீங்கள்’ எங்கே வரவேண்டும் என்பது தானே விளங்கியிருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பே அதற்குக் கிடைக்கவில்லை. ‘வாடா’, ‘போடி’ என்னும் சொற்களைப் பாடநூலில் கற்பிக்க இயலாது. ஒத்த வயதுத் தோழமையே அவற்றைக் கற்பிக்கும். தன் வயதுத் தோழி ஒருத்தி ஒருமுறையேனும் ‘வாடி’ என்று அழைக்காமலேயே ஒரு தமிழ்ப் பெண்குழந்தை வளர்ந்துவிடுகிறாள் என்றால், அவளுக்கு நாம் கற்பித்த ஆயிரம் சொற்களும் அந்த ஒரு சொல்லுக்கு ஈடாகுமா?

‘எங்கள் வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம்’ என்று பெருமிதத்துடன் சொல்லும் பெற்றோர் உண்டு. அவர்களை வணங்குகிறேன். ஆயினும் அது போதாது. 5 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளுள், இல்லத்தில் தமிழையே மிகுதியாகப் பேசுவோர் 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நூற்றுக்கு 3.3 பேர், 2020இல் 2.5 பேர். அதே பத்தாண்டுகளில் ஆங்கிலத்தை மிகுதியாகப் பேசுவோர் 32.3இலிருந்து 48.3 ஆயினர். இன்றைய இளம் பெற்றோருள் பலர், சிறுவயதில் தம் தாயோடு தமிழும் தம் அண்ணன் தம்பியரோடு ஆங்கிலமும் பேசி வளர்ந்தவர்கள். தாயோடு பேசிய மொழி தாயோடு நின்றுவிட்டது. உடன்பிறந்தாரோடும் தோழரோடும் பேசிய மொழியே அவர்கள் அமைத்த குடும்பத்தின் மொழியாயிற்று. ஒரு தலைமுறை தனக்குள் பேசிக்கொள்ளும் மொழிதான் அடுத்த தலைமுறைக்குச் செல்கிறது.

நாம் இழந்தது பாடநூல் அன்று

இவ்வூரில் தமிழிலேயே எல்லாப் பாடங்களையும் கற்பித்த பள்ளிகள் இருந்தன. கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946இல் தொடங்கிய உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி, 1960 முதல் உயர்நிலை வகுப்புகளையும் நடத்தியது. 1982இல் அது மூடப்பட்டது. ஆங்கிலக் கல்வியே வேலைக்கு வழி என்று பெற்றோர் கருதினர், மாணவர் எண்ணிக்கை சுருங்கிற்று, கதவு சாத்தப்பட்டது. 1987இல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மொழியாயிற்று. அப்பள்ளியின் பெயர் இன்று பீட்டி சாலையில் உள்ள உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையத்தில் வாழ்கிறது.

அந்தக் காலத்தைத் திரும்பக் கொண்டுவா என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் வராது. ஆனால் அப்பள்ளிகளோடு போனது எது என்பதைச் சரியாகக் கணக்கிட வேண்டும். பாடநூல் போகவில்லை, அன்றைய நூல்களைவிட அழகிய நூல்கள் இன்று நம் கையில் உள்ளன. ஆசிரியர் போகவில்லை; பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இருக்கிறோம். போனவை திடலும் நடைவழியும் சிற்றுண்டிச்சாலை வரிசையும். ஆசிரியர் இல்லாத இடங்களில் பிள்ளைகள் தமக்குள் பேசிக்கொண்ட தமிழ் போயிற்று. நாம் நாற்பது ஆண்டுகளாகப் பாடநூலை மாற்றிக்கொண்டே இருக்கிறோம். திடலுக்கு மாற்றாக எதையும் வைக்கவில்லை.

ஒரு காலத்தில் வைத்தார்கள். 1935இல் தமிழ் முரசைத் தோற்றுவித்த கோ. சாரங்கபாணி, 1950களில் அவ்விதழின்வழி மாணவர் மணிமன்றத்தை வளர்த்தார். வெவ்வேறு பள்ளிகளில், வெவ்வேறு வட்டாரங்களில் இருந்த பிள்ளைகள் எழுத்தால் ஒருவரையொருவர் அறிந்தனர். பின்னாளில் இவ்வூரின் எழுத்தாளர்களாகவும் ஆசிரியர்களாகவும் விளங்கியோர் பலர் அந்த மன்றத்தில் முளைத்தவர்கள். பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்ததைக் காட்டிலும், தமிழில் கூட்டாளிகளைத் தந்ததே அம்மன்றத்தின் பெருந்தொண்டு என்பது என் துணிபு.

கிளமெண்டியில் காண்பது

நான் வசிக்கும் கிளமெண்டி, 1970களின் பிற்பகுதியில் எழுந்த வீவக நகரம். மாலை 5 மணிக்குப் புளோக்கின் கீழ்த்தளத்தில் பிள்ளைகள் பந்து உதைப்பார்கள். சீன, மலாய், இந்தியப் பிள்ளைகள் கலந்திருப்பார்கள். காண இனிய காட்சி அது. 1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை ஒவ்வொரு புளோக்கிலும் எல்லா இனத்தவரும் கலந்து வாழ வகை செய்தது. அதன் பயனை இந்நாட்டில் வாழும் நாம் நன்கறிவோம். அதை நான் குறை கூறவில்லை. அக்கொள்கையின் இயல்பான விளைவு ஒன்றை மட்டும் சுட்டுகிறேன். ஒரு தமிழ்ப் பிள்ளை வீட்டைவிட்டு இறங்கினால், தன் வயதொத்த இன்னொரு தமிழ்ப் பிள்ளை எதிரில் வருவது தற்செயலாக நிகழாது. தஞ்சாவூரில் ஜானுவுக்குத் தோழர்கள் தெருவிலேயே கிடைத்தார்கள். கிளமெண்டியில் ஜானுவின் மகளுக்குத் தமிழ்த் தோழியைத் தேடித்தான் தரவேண்டும்.

அப்படித் தேடாமலேயே கிடைக்கும் இடம் ஒன்று உண்டு. அதுவே நம் தமிழ் வகுப்பு. நம் பள்ளிகள் பலவற்றில், ஒரே நிலையின் வெவ்வேறு வகுப்புகளில் சிதறிக் கிடக்கும் தமிழ்ப் பிள்ளைகள் தாய்மொழிப் பாடவேளையில்தான் ஓரறையில் சேர்கிறார்கள். வாயிலில் நுழையும்போதே அவர்கள் முகத்தைப் பாருங்கள்! நேற்றுப் பிரிந்தவர்கள் இன்று கூடுகிறார்கள். நாள்தோறும் நிகழும் ஒன்றுகூடல் அது. சொல்ல ஆயிரம் செய்தி வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்குகிறார்கள். உடனே, ‘பேசாதீர்கள்! புத்தகத்தைத் திறங்கள்!’ என்னும் குரல் எழுகிறது. பிறகு பதினைந்து நிமிடம் கழித்து, ‘வாய்மொழித் தேர்வு வருகிறது, பேசுங்கள், பேசுங்கள்’ என்று அதே குரல் கெஞ்சுகிறது. பேச வந்த பிள்ளையை வாய்மூடச் செய்துவிட்டு, வாய்மூடிய பிள்ளைக்குப் பேசும் பயிற்சி தருவது என்ன முறை?

நம் விழாக்களின் போக்கும் இதுவே. ஏப்ரல் மாதம் தமிழ்மொழி விழா வருகிறது. சொற்போர், கதை சொல்லும் போட்டி, மாறுவேடப் போட்டி, பேச்சுப் போட்டி! நல்ல முயற்சிகள்தாம். ஆனால் போட்டிக்கு வரும் இரண்டு தமிழ்ப் பிள்ளைகள் எதிரெதிரே நிற்கிறார்கள். ஒருவர் வெல்கிறார், மற்றவர் வாடிய முகத்துடன் வீடு திரும்புகிறார். மேடையை விட்டு இறங்கியபின் அவ்விருவரையும் ஒரு மணி நேரம் சேர்ந்து விளையாட விட்ட விழா எத்தனை? பரிசுக் கோப்பை அலமாரியில் நிற்கும். தோழி அப்படியல்லள், அவள் மறுவாரம் ‘எங்கே உன்னைக் காணோம்?’ என்று கேட்பாள்.

ஒரு ஜப்பானியக் கதை

இந்த இடத்தில் பிள்ளைகளின் உலகத்திலிருந்து ஒரு சான்று தர விரும்புகிறேன். நம் மாணவர்கள் ‘அனிமே’ என்று அழைக்கும் ஜப்பானிய இயங்குபடங்களைப் பெற்றோரும் ஆசிரியரும் பெரும்பாலும் எள்ளி ஒதுக்குகிறோம். என் பழைய மாணவி ஒருத்தி, இப்போது உயர்நிலையில் படிப்பவள், ‘அனோஹனா’ என்னும் தொடரைப் பற்றிச் சொன்னாள். 2011இல் வெளிவந்த 11 பகுதித் தொடர் அது. ‘அன்று நாம் பார்த்த அந்தப் பூவின் பெயரை நாம் இன்னும் அறியோம்’ என்பது அதன் முழுத் தலைப்பின் பொருள். தேடிப் பார்த்தேன். தொடக்கநிலைப் பிள்ளைகளுக்கு உரியதன்று. பதின்ம வயதுப் பிள்ளைகளும் பெற்றோரும் பார்க்கலாம்.

கதை இதுதான். மலைசூழ்ந்த சிச்சிபு என்னும் ஊரில் ஆறு சிறார்கள் உயிர்த்தோழர்கள். காட்டில் அவர்களுக்கு ஒரு மறைவிடம் உண்டு. மென்மா என்னும் சிறுமி விபத்தில் இறந்துபோகிறாள். மற்ற ஐவரும் குற்ற உணர்வால் பிரிந்துபோகிறார்கள். சில ஆண்டுகள் சென்றபின், வளர்ந்துவிட்ட ஜிந்தா என்பவனின் கண்ணுக்கு மட்டும் மென்மா தோன்றி, தன் விருப்பம் ஒன்றை நிறைவேற்றச் சொல்கிறாள். அவ்விருப்பம் எது என்பது அவளுக்கே நினைவில்லை. அதை நிறைவேற்றுவதற்காகப் பிரிந்த தோழர்கள் மீண்டும் சேர்கிறார்கள்.

நம் ஒன்றுகூடல்களுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை நோக்குங்கள். அவர்கள் கூடுவது ஒரு கடனைத் தீர்ப்பதற்காக. வராத ஒருத்திக்காக மற்றவர்கள் கூடுகிறார்கள். தங்கர் பச்சானின் ‘பள்ளிக்கூடம்’ கதையிலும் பழைய மாணவர்களுக்குச் செய்து முடிக்க ஒரு வேலை இருந்தது. நாம் கூடும்போது என்ன செய்கிறோம்? உண்கிறோம், படம் எடுத்துக்கொள்கிறோம், ‘அந்தக் காலம் போல வருமா’ என்று பெருமூச்சு விடுகிறோம். நாம் பழங்கதை பேசிக்கொண்டிருக்கும் அதே மண்டபத்தின் மூலையில் நம் பிள்ளைகள் ஆளுக்கொரு கைப்பேசியோடு தனித்தனியே அமர்ந்திருக்கிறார்கள். பத்துத் தமிழ்ப் பிள்ளைகள் ஓரிடத்தில் இருக்கும் அருமையான நேரம் அது. அவர்களை ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்துவைக்கவும் நமக்குத் தோன்றுவதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அம்மாணவி இக்கதையை எனக்கு ஆங்கிலத்தில்தான் சொல்லத் தொடங்கினாள். ‘தமிழில் சொல்லேன்’ என்றதும் தயங்கினாள். சொல் தெரியாத தயக்கமன்று. ‘இதையெல்லாம் தமிழில் சொல்லலாமா?’ என்று கேட்டாள்! பிறகு திக்கித் திக்கிச் சொன்னாள். பத்தாவது நிமிடம் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். பொங்கலும் தீபாவளியும் நற்பண்புகளும் மட்டுமே தமிழில் பேசத்தக்கவை என்று அவளுக்கு யார் கற்பித்தது? அவள் மனம் விரும்பும் கதைக்குத் தமிழில் இடமில்லை என்று நம் மௌனம் கற்பித்திருக்கிறது. பிள்ளைகள் எதைப் பேச விரும்புகிறார்களோ அதைத் தமிழில் பேச விட்டால்தான் அவர்களுக்குத் தமிழில் நட்பு பிறக்கும்.

மறுப்புகளுக்கு மறுமொழி

‘பல்லின நாட்டில் தமிழ்ப் பிள்ளைகளைத் தனியே கூட்டுவது சரியா?’ என்று சிலர் கேட்பர். நான் வேலி கட்டச் சொல்லவில்லை. மாலையில் பந்து உதைக்கும் அந்தக் கூட்டம் அப்படியே இருக்கட்டும். அதோடு ஒரு தமிழ்த் தோழியும் இருக்கட்டும் என்கிறேன். பத்து நண்பர்களுள் ஒருத்தி தமிழில் பேசினால் நல்லிணக்கம் குலைந்துவிடாது.

‘நேரமில்லை’ என்பது அடுத்த மறுப்பு. சனிக்கிழமை காலை தமிழ்த் துணைப்பாட வகுப்புக்கு இரண்டு மணி நேரம் கிடைக்கிறது. அதற்குக் கட்டணமும் கிடைக்கிறது. தோழமைக்குக் கட்டணம் இல்லை; அதனால்தானோ என்னவோ அதற்கு மதிப்பும் இல்லை.

‘சேர்த்து விட்டாலும் அவர்கள் ஆங்கிலத்தில்தானே பேசிக்கொள்கிறார்கள்?’ என்பது மூன்றாவது. முதல் வாரம் அப்படித்தான் பேசுவார்கள். தமிழ் மட்டுமே தெரிந்த பாட்டியையோ, தமிழகத்திலிருந்து அண்மையில் வந்து சேர்ந்த பிள்ளையையோ அவர்களோடு விளையாட விட்டுப் பாருங்கள். புதிதாய் வந்த பிள்ளைக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுக்க நாம் விரைகிறோம். அப்பிள்ளை கொண்டுவந்த விளையாட்டுத் தமிழை மற்றவர்களுக்குப் பெற்றுத்தர நினைப்பதில்லை.

நான் கேட்பது

பெற்றோரே, உங்கள் பிள்ளைக்கு ஒரே ஒரு தமிழ்த் தோழனைத் தேடுங்கள். தமிழ் வகுப்பில் அருகில் அமர்பவர் யார் என்று கேளுங்கள். அக்குடும்பத்தை வீட்டுக்கு அழையுங்கள். இரு பிள்ளைகளையும் விளையாட விட்டு அப்பால் செல்லுங்கள். திருத்தாதீர்கள், ‘தமிழில் பேசு’ என்று அதட்டாதீர்கள். வார்த்தை தடுமாறும், கலந்து பேசுவார்கள், பேசட்டும். ஒரு வாரத்தோடு நிறுத்தாமல் ஓராண்டு செய்யுங்கள்.

ஆசிரியத் தோழர்களே, பாடவேளையின் முதல் ஐந்து நிமிடத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள். நேற்று என்ன பார்த்தாய், யாரோடு சண்டை போட்டாய் என்று அவர்கள் தமக்குள் தமிழில் பேசட்டும். மதிப்பெண் வேண்டா, பயிற்சித்தாள் வேண்டா. இருக்கைகளை மதிப்பெண் பார்த்து அமைக்காமல் நட்புப் பார்த்து அமையுங்கள். அந்த ஐந்து நிமிடம் வாய்மொழித் தேர்வுக்கும் உதவும் என்பது உண்மை. ஆனால் அதற்காகச் செய்யாதீர்கள், பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பழைய மாணவர் குழுக்களை நடத்தும் அன்பர்களே, அடுத்த சந்திப்புக்குப் பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். நீங்கள் உங்கள் கதையைப் பேசும் நேரத்தில் அவர்கள் தங்கள் கதையைத் தொடங்கட்டும்.

இன்று தொடக்கநிலை 4இல் இருக்கும் பிள்ளைக்கு வயது 10. 25 ஆண்டுகள் கழிந்தால் 35. அப்போது அவர்களுக்கும் பழைய தோழர்களைக் காணும் ஏக்கம் வரும். அது மனித இயல்பு. அவர்கள் கூடும் மண்டபத்தில் தமிழ் ஒலிக்குமா என்பதை அந்த நாள் வந்தபின் முடிவு செய்ய இயலாது. வரும் சனிக்கிழமை உங்கள் பிள்ளை யாரோடு விளையாடுகிறது என்பதில் அது முடிவாகிவிடும். ‘96’ படத்தை இன்னொரு முறை பார்த்து அழுவதற்கு ஒதுக்கிய இரண்டரை மணி நேரத்தை, இம்முறை ஒரு தமிழ்த் தோழியின் வீட்டுக்கு உங்கள் மகளை அழைத்துச் செல்வதற்குக் கொடுங்கள்.